பிஞ்சு கருகுகிறதா? மருந்துக்கு முன் காலை ஆறரை மணிக்கு மாடிக்குப் போங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் மட்டும் சொல்லலாம், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 41. இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியில் நான்கு வருடமாகத் தோட்டம் போடுகிறார். கத்தரி, தக்காளி, கீரை எல்லாம் கைவந்த பிறகு, இந்த முறை முதன்முதலாகச் சுக்கினி (வெள்ளரிபோல நீண்ட காய் தரும் ஒரு பூசணி வகை) வைத்திருக்கிறார். மூன்று பைகளில் பைக்கு இரண்டு செடி. விதை, தோழி ஒருவர் தன் தோட்டத்துக் காயிலிருந்து எடுத்துக் கொடுத்தது. பந்தலில் இரண்டு அரசாணிக் (மஞ்சள் பூசணிக்) கொடி, பக்கத்திலேயே ஒரு பாகல். பிப்ரவரி நடுவில் விதைத்தவை, இப்போது சித்திரை வெயிலில் நிற்கின்றன.

அவர் சொல்லும் சிக்கல்கள் இவை. பூ நிறைய வருகிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. காயோடு வரும் பூவும் இரண்டு விரல் நீளம் ஆவதற்குள் நுனியில் மஞ்சளாகி அழுகுகிறது. சுக்கினி இலைகளில் வெள்ளை படிந்திருக்கிறது என்று ஒன்பது இலைகளை வெட்டிவிட்டார், புளித்த மோரும் தெளித்தார். மத்தியானம் இலை துவண்டுவிடுவதால் மூன்று வேளை தண்ணீர் விடுகிறார். அரசாணிப் பிஞ்சை நறுக்கினால் புழு. மாமரத்துக்கு வாங்கிய பழ ஈப் பொறியை மாட்டியும் பலனில்லை. போன வாரம் தப்பிப் பிழைத்த ஒரே சுக்கினியைக் கூட்டு வைத்தார், கசந்தது. பாகல் பக்கத்தில் வைத்ததால்தான் கசப்பு ஏறிவிட்டது என்கிறார் மாமியார். வெல்லம் சேர்த்துப் பார்த்தும் போகவில்லை, மீதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கொழுந்தனார் பருத்திக்கு வாங்கி வைத்த மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "அதை அடிக்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடட்டுமா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பூவும் இலையும் அப்புறம். முதலில் எழுந்து போய் ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்தக் கூட்டைக் கொட்டிவிடுங்கள். யாரும் ருசி பார்க்கக்கூட வேண்டாம். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கசந்த காய்

பூசணிக் குடும்பத்துச் செடிகளில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. காட்டில் வளரும் பூசணிகள் தங்களைத் தின்ன வரும் பிராணிகளை விரட்ட வைத்திருக்கும் நஞ்சு அது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக கசக்காத காயின் விதையையே எடுத்து வைத்து, அந்தக் கசப்பைக் காயிலிருந்து ஒழித்தார்கள். எப்போதாவது ஒரு விதையில் அது திரும்பி வந்துவிடும். வேகவைத்தாலும் அது அழியாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் நம்பக்கூடிய அளவுக்கு இறங்காது. வெல்லம் போட்டால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். அதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 2015ல் ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயதுப் பெரியவர் இறந்தார். நம் நாட்டில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே ஒரு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்தது. கசந்தால் குடிக்காதீர்கள், சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை ருசித்துப் பாருங்கள் என்பதுதான் அந்தக் குழு சொன்ன அறிவுரை. நம் பாட்டிமார்கள் வெள்ளரிக்காயை நறுக்கும்போது முனையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்களே, அதே வேலைதான். சுக்கினிக்கும் சுரைக்கும் அதை ஒருபோதும் விடாதீர்கள்.

அந்தக் கூட்டைச் சாப்பிட்டவர்கள் ஒரு வாரமாக நலமாக இருக்கிறார்கள் என்றால் இனிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எப்போதாவது கசந்த காயைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான வயிற்றுவலி வந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது. நீர்ச்சத்தும் ரத்த அழுத்தமும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது மாமியாரின் பாகற்காய் விஷயம். அவர் சொல்வது பல வீடுகளில் நம்பப்படுவதுதான், ஆனால் அப்படி நடக்காது. பாகலும் சுக்கினியும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு இனம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் காய் பிடிக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே இனத்துக்குள் மகரந்தம் மாறிப்போனாலும் இந்த வருடத்துக் காயின் ருசி மாறாது. நாம் சாப்பிடும் சதை தாய்ச்செடியின் உடம்பு. மாற்றம் உள்ளே இருக்கும் விதைக்குள்தான் போகும், அது அடுத்த வருடம் முளைக்கும்போதுதான் தெரியும். ஆகவே உங்கள் காயின் கசப்பு பக்கத்துப் பாகலிலிருந்து வரவில்லை. தோழி கொடுத்த விதையிலேயே வந்திருக்கிறது. வெயிலும் தண்ணீர்க் குறைவும் கசப்பைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் வெல்லம் போட்டும் மறையாத கசப்பை வெயில் மட்டும் உண்டாக்குவது அரிது. இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கசப்பைக் கண்டதும் காரணம் தேடினாரே, அந்த எச்சரிக்கை சரியானது.

கசந்த காய் எந்தச் செடியில் காய்த்தது என்று நினைவிருந்தால் அந்தச் செடியை இன்றே வேரோடு எடுத்துவிடுங்கள். அது இனிக் காய்க்கும் ஒவ்வொரு காயும் கசக்கும். நினைவில்லை என்றால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். முதல் காயைப் பச்சையாக ஒரு மிளகளவு நறுக்கி நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசக்காத செடி மட்டும் இருக்கட்டும்.

பூ ஏன் உதிர்கிறது, பிஞ்சு ஏன் அழுகுகிறது

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி, "காயோடு வரும் பூவும்" என்பது. இரண்டு வகைப் பூ இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

மெல்லிய நீண்ட காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிக் காயைத் தாங்கி நிற்பது பெண் பூ. முதல் பத்துப் பதினைந்து நாள் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். அது ஒரு காலை விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கி, உதிர்ந்துவிடும். அது நோய் இல்லை, அதன் ஆயுளே அவ்வளவுதான். மார்கழியில் கோலத்து நடுவில் சாண உருண்டை பிடித்து அதன் தலையில் பூசணிப் பூ வைக்கிறோமே, அதற்குப் பெரியவர்கள் இருட்டோடு எழுந்துபோய்ப் பறிப்பது இந்தக் காயில்லாத பூவைத்தான். கொடியில் காய் குறையாது என்று அவர்களுக்குத் தெரியும்.

பெண் பூவின் பிஞ்சு இரண்டு விரல் நீளத்தில் மஞ்சளாகி நுனியிலிருந்து அழுகுகிறது என்றால், பத்துக்கு ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான்: மகரந்தம் போய்ச் சேரவில்லை. விதை பிடிக்காது என்று தெரிந்ததும் செடி அந்தப் பிஞ்சைக் கைவிட்டுவிடுகிறது. கைவிட்ட பிஞ்சில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தை. அதனால் அழுகல் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறோம்.

தக்காளி, கத்தரி போல இதன் பூவைக் குலுக்கிவிட்டால் போதாது. அவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கின்றன. இங்கே தனித்தனி. தவிர, பூசணி வகையின் மகரந்தத் துகள் பெரியது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது. தேனீ தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ மூன்றும் நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யும். ஆனால் சுற்றிலும் சிமென்ட் தளமாக இருக்கும் இரண்டாம் மாடிக்கு, கோடையில், விடியற்காலையில் அவை வருமா என்பது சந்தேகம்தான். நான்கு வருடமாகக் கத்தரியும் தக்காளியும் காய்த்ததால் இந்தக் குறை உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகவே தேனீயின் வேலையை நீங்கள் செய்யுங்கள். ஆறரை மணிக்கு மாடிக்குப் போங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இந்த வெயிலில் ஒன்பது மணிக்குப் பூ வாயை மூடிவிடும், மகரந்தமும் வலுவிழந்துவிடும். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். மஞ்சள் இதழ்களை உரித்து எடுத்தால் நடுவில் ஒரு சிறு தண்டு மிஞ்சும். அதைத் தொட்டால் விரலில் மஞ்சள்பொடி போல ஒட்ட வேண்டும். ஒட்டினால் மகரந்தம் நன்றாக இருக்கிறது என்று பொருள். பெண் பூவின் உள்ளே பார்த்தால் மூன்று நான்கு மடலாகப் பிரிந்த, ஈரமாக மினுங்கும் பாகம் தெரியும். எல்லா மடலிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பெருத்துக் கோணிக்கொண்டு வரும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். சுக்கினிக்குச் சுக்கினிப் பூ, அரசாணிக்கு அரசாணிப் பூ. மாற்றித் தடவ வேண்டாம்.

சேர்ந்துவிட்டதா என்பது மூன்றாம் நாள் தெரிந்துவிடும். பிஞ்சு பளபளப்பாகப் பெருக்க ஆரம்பித்தால் வெற்றி. அடுத்த ஐந்தாறு நாளில் சுக்கினி பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். ஒரு சாண் நீளத்திலேயே பறித்துவிடுங்கள். முற்ற விட்டால் செடி அந்த ஒரு காயோடு நின்றுவிடும்.

ஒருவேளை காய் நன்றாகப் பெருத்து, அரைச் சாண் தாண்டிய பிறகு, நுனி மட்டும் பழுப்பாகத் தோல்போல் காய்ந்தால் அது வேறு. தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று மாறிமாறிப் போனால் சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேராது. அதற்கு முட்டை ஓடு போடச் சொல்வார்கள். ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரை ஒரே சீராக விடுவதுதான் உடனடி மருந்து.

தண்ணீரும் தீனியும்

மத்தியானம் அவ்வளவு பெரிய இலை துவளத்தான் செய்யும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வழியாக ஆவியாகும் வேகம் அதிகம். மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் செடி நலம். துவண்டதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். பைக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலையில் அடித்துளை வழியாக வடியும்வரை ஒரு முறை, தேவைப்பட்டால் மாலையில் கொஞ்சம், போதும். மாலையிலும் காலையிலும்கூட இலை நிமிரவில்லை, மண்ணும் ஈரமாகவே இருக்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று கவலைப்படலாம்.

ஒரு பைக்கு ஒரு செடிதான். இரண்டில் நலிந்ததைக் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். வாரம் ஒரு தரம் மீன் அமிலம், இடையில் பஞ்சகவ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் இரண்டையும் நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை குடைபோல விரியும், பெண் பூ பின்தங்கும். பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஒரு நிழல்வலை கட்ட முடிந்தால் நல்லது.

வெள்ளை இலை

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நீங்கள் வெட்டிய ஒன்பது இலைகளில் எத்தனை நோயில்லாதவையோ தெரியவில்லை. சுக்கினியின் பல ரகங்களில் இலை நரம்பை ஒட்டி வெள்ளிப் பூச்சு போன்ற திட்டுகள் இயல்பாகவே இருக்கும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் எல்லோரும் அதைச் சாம்பல் நோய் என்றுதான் நினைக்கிறார்கள். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். பவுடர்போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். தேய்த்தாலும் போகாமல், நரம்பின் வடிவத்திலேயே ஒழுங்காக இருந்தால் அது செடியின் நிறம். முழு இலையும் வெள்ளியாக மாறிக்கொண்டே போனால் மட்டும் இலையைத் திருப்பி, அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று கட்டுங்கள். மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, பூவில் படாமல் இலையடியில் தெளியுங்கள்.

சாம்பல் நோய்தான் என்று உறுதியானால், ஒரு பங்கு பாலும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து வாரம் ஒருமுறை காலையில் தெளிக்கலாம். கேட்க நாட்டு வைத்தியம்போல இருக்கும். 1999ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் பசுமைக்குடிலில் இருந்த சுக்கினிச் செடியிலேயே சோதித்து, நோய் கட்டுப்படுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே தெளித்தால்தான் பலன். முழுதும் பரவிய பிறகு எதுவும் அவ்வளவாக உதவாது. இனி இலையை வெட்டுவதானால் அடியில் மஞ்சளானதை மட்டும் வெட்டுங்கள்.

அரசாணியில் புழு

இது மட்டும் நிஜமாகவே பூச்சி. பழ ஈ பிஞ்சின் தோலில் ஊசி குத்தியதுபோல் துளைத்து முட்டையிடுகிறது. குத்திய இடத்தில் ஒரு சொட்டுப் பிசின் திரண்டு நிற்கும், நாளை காலை கவனித்துப் பாருங்கள்.

உங்கள் பொறி ஏன் வேலை செய்யவில்லை என்றால், மாம்பழ ஈயும் பூசணி ஈயும் வேறு வேறு. மாமரத்துக்கு விற்பதில் மீத்தைல் யூஜினால் என்ற ஈர்ப்புப் பொருள் இருக்கும், அதற்கு மாம்பழ ஈயின் ஆண்தான் வரும். கொடிக்காய்களுக்கு வேண்டியது கியூ லூர் என்ற வேறொரு ஈர்ப்புப் பொருள் வைத்த பொறி. கடையில் கேட்கும்போது "பாகல், பூசணிக்கு" என்று சொல்லியே கேளுங்கள். அதுவும் ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு கொடி வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல வழி உறை. கைமகரந்தச் சேர்க்கை செய்த இரண்டாம் மூன்றாம் நாள், பூ வாடியதும், பிஞ்சை வலைப்பையிலோ செய்தித்தாள் பொட்டலத்திலோ தளர்வாக மூடி, தோல் கெட்டியாகும்வரை அப்படியே விடுங்கள்.

புழு வைத்த பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள். நன்றாக முதிர்ந்த புழு காயைவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போட்டு வையுங்கள். கொடியின் அடி மண்ணையும் மேலாகக் கிளறிவிடுங்கள்.

கொழுந்தனார் கொடுத்த பாட்டில்

வேண்டாம். காய்கறிப் பயிரில் மோனோகுரோட்டோபாஸ் அடிக்க இந்தியாவில் 2005லேயே தடை வந்துவிட்டது. அது செடிக்குள் ஊடுருவிக் காய்க்குள்ளும் போகும். சுக்கினியோ பூத்த ஒரு வாரத்தில் பறித்துத் தின்னும் காய். உங்கள் மாடிக்கு வரும் ஒன்றிரண்டு தேனீயையும் அது கொன்றுவிடும். அவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார். பாட்டிலைத் திறக்காமல், வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஓர் இரவுகூட இருக்க வேண்டாம்.

பிடுங்குவதா, வைத்திருப்பதா

அரசாணியை வைத்திருங்கள், அது இந்த வெயிலைத் தாங்கும். சுக்கினியில் கசக்காத செடிகளுக்கு மூன்று வாரம் கொடுங்கள். தினமும் காலையில் கைமகரந்தச் சேர்க்கை செய்து பாருங்கள். அதற்குள் நான்கைந்து காய் வரவில்லை என்றால் மனக்குறை இல்லாமல் எடுத்துவிடலாம். சித்திரை வெயிலில் சுக்கினியில் ஆண் பூ பெருகும், பெண் பூ குறையும். அது உங்கள் கைக்குறை இல்லை. சமவெளியில் அதற்கு ஏற்ற பருவம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துத் தை மாதம் முடியப் பறிப்பதுதான்.

அப்போது புது விதை வாங்குங்கள். பாக்கெட்டையும் பில்லையும் எடுத்து வையுங்கள். விதையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. "பூசா அலங்கார்" போன்ற கலப்பின ரகமானால் அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். விதை எடுத்தே ஆக வேண்டுமானால் கலப்பினம் அல்லாத ரகத்தில் எடுங்கள். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தின மாலையே நூலால் கட்டி வைத்து, காலையில் அவிழ்த்து நீங்களே சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். அந்தக் காயை முழுதாக முற்றவிட்டு, ருசி பார்த்து, கசக்கவில்லை என்றால் மட்டும் விதையை வையுங்கள்.

தோழியிடம் இன்றே பேசுங்கள். குறை சொல்வதுபோல வேண்டாம். இந்த விதையில் ஒரு செடி கசந்தது, மீதி விதை இருந்தால் விதைக்காதே, வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் காயை ருசி பார்த்துவிட்டுச் சமைக்கச் சொல் என்று மட்டும் சொல்லுங்கள்.